ஒரு வாய்ச் சோறு

ரசம் விட்டுக் குழையப் பிசைந்த சோற்றைச் சிறு கவளமாக்கி, ஒன்றரை வயதுப் பிள்ளையின் வாயில் வைக்கிறோம். உதடு மூடுகிறது. நாக்கின் நுனி சோற்றை ஒரு பக்கக் கடைவாய்க்கு ஒதுக்குகிறது. அது பல்லுக்கு வெளியே சரிந்துவிடாதபடி கன்னம் உள்பக்கமாக அழுத்துகிறது. தாடை இறங்கி, சற்றே பக்கவாட்டில் சுழன்று, மறுபடி ஏறுகிறது. எச்சில் ஊறிக் கலக்கிறது. மசிந்ததை நாக்கு நடுவில் திரட்டிப் பின்னுக்குத் தள்ளும் கணத்தில் மெல்லண்ணம் உயர்ந்து மூக்கின் வழியை அடைக்கிறது. குரல்வளை மேலெழுந்து மூடிக்கொள்கிறது. மூச்சு ஒரு நொடிக்கும் குறைவான நேரம் நிற்கிறது. சோறு உணவுக்குழாயில் இறங்குகிறது. இந்த ஒரு வாய்க்கு 25 முதல் 30 இணைத் தசைகளும், மூளையிலிருந்து நேரே புறப்படும் 12 இணை நரம்புகளில் ஐந்தும் வேலை செய்திருக்கின்றன.

இதில் பெரும்பகுதியைக் குழந்தை பிறந்த பிறகு கற்றுக்கொள்கிறது. பிள்ளை முதல் அடி எடுத்து வைத்தால் கைதட்டுகிறோம். முதல் சொல்லைக் கேட்க வீடே கூடி நிற்கிறது. அது மெல்லக் கற்றுக்கொண்ட நாளை யாரும் குறித்து வைப்பதில்லை. பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே கற்றுவிடுவதால் குறித்து வைக்கும் தேவையும் எழுவதில்லை. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கும், மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் நிலைமை வேறு. அந்த வீடுகளில் ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் ஒரு மணி நேரப் போராட்டமாக முடியும். பிள்ளை இளைக்கும், தாய் தன்னைத்தானே நொந்துகொள்வாள்.

இங்கே கைகொடுக்கும் துறைகளுள் ஒன்று ஆக்குபேஷனல் தெரபி, அதாவது தொழிற்பாட்டுச் சிகிச்சை. உண்பது, உடுத்துவது, குளிப்பது, விளையாடுவது, எழுதுவது என்று ஒருவர் அன்றாடம் செய்யும் காரியங்களை அவரே செய்யும்படி ஆக்குவது இதன் பணி. குழந்தையின் முதல் அன்றாடக் காரியம் உண்பது. ஆகவே வாய் இந்தச் சிகிச்சைக்குள் வருகிறது. இந்த அத்தியாயம் நிறுவ முயல்வது ஒன்றைத்தான்: வாயின் திறன் வாய்க்கென்று தனியே கொடுக்கும் பயிற்சியில் வளர்வதில்லை. சரியாக உட்கார்ந்து, ஏற்ற பதத்தில் உள்ள உணவை, ஏற்ற பருவத்தில், பயமில்லாமல் உண்ணும்போது வளர்கிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தின் பழைய ரப்பர் தோட்டங்களிலும் ஈப்போவின் அடுக்குமாடிகளிலும் வளர்ந்த, வளரும் தமிழ்ப் பிள்ளைகளை மனத்தில் வைத்து இதைப் பார்ப்போம்.

கருவிலேயே தொடங்கும் பாடம்

கருவில் உள்ள சிசு 12 முதல் 14 வாரங்களில் பனிக்குட நீரை விழுங்கத் தொடங்கிவிடுகிறது. சில வாரங்கள் கழித்து உறிஞ்சும் அசைவு வருகிறது. ஆனால் உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று மோதாமல் அடுக்கும் திறன் ஏறத்தாழ 34ஆம் வாரத்தில்தான் கைகூடுகிறது. அதற்கு முன்பே பிறந்துவிடும் குழந்தைக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பால் கொடுப்பது இதனால்தான்.

நிறைமாதக் குழந்தை ஒரு கட்டு அனிச்சைச் செயல்களோடு பிறக்கிறது. கன்னத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் திரும்பி வாய் திறக்கும். வாய்க்குள் காம்பு பட்டால் உறிஞ்சும். பால் குடிக்கும்போது நொடிக்கு ஓர் உறிஞ்சல் என்ற கணக்கில் தாளம் தப்பாமல் ஓடும். கெட்டியான எதுவும் உள்ளே வந்தால் நாக்கு அதை வெளியே தள்ளும். நாக்கின் முன்பகுதியைத் தொட்டாலே குமட்டும். மூச்சுக் குழாய்க்கு இவை காவல். அந்த வயதில் நாக்கு வாயை ஏறக்குறைய முழுதும் அடைத்திருக்கும். கன்னங்களில் கொழுப்புத் திண்டுகள் இருக்கும். குரல்வளை உயரத்தில் இருக்கும். உறிஞ்சுவதற்கென்றே அமைந்த வாய் அது.

நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரையில் இந்த அமைப்பு தளர்கிறது. நாக்குத் தள்ளும் அனிச்சை மங்குகிறது. தாடை வளர்ந்து வாய்க்குள் இடம் உண்டாகிறது. இதே பருவத்தில் குழந்தை தன் கைவிரல், துணி, பொம்மை என்று அகப்பட்டதையெல்லாம் வாயில் வைத்துப் பார்க்கிறது. இது கெட்ட பழக்கம் அல்ல. ஒவ்வொரு முறை விரல் உள்ளே போகும்போதும் குமட்டல் தொடங்கும் இடம் சிறிது பின்னுக்கு நகர்கிறது. நாக்கு, தன்மீது படும் பொருளின் வடிவையும் இடத்தையும் அறியப் பழகுகிறது. கையைக் கழுவிவிட்டால் போதும், வாயிலிருந்து தட்டிவிட வேண்டாம்.

மெல்லக் கற்கும் பருவம்

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் தாய்ப்பாலோடு மற்ற உணவும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆறாம் மாதத்தில் சத்துத் தேவை கூடுகிறது, குடல் பக்குவப்படுகிறது என்ற காரணங்களை எல்லோரும் சொல்வார்கள். வாயும் அப்போதுதான் கற்கத் தயாராகிறது என்பது அதிகம் சொல்லப்படாத காரணம்.

முதலில் தாடை மேலும் கீழுமாக மட்டும் அசையும். ஏழாம் மாதம் முதல் ஒன்பதாம் மாதத்துக்குள் நாக்கு உணவைப் பக்கவாட்டில் ஒதுக்கப் பழகும். பிறகே தாடை சுழன்று அரைக்கும் அசைவு வருகிறது. அது முழுமை பெற இரண்டு, மூன்று வயது ஆகும். கடைவாய்ப் பற்கள் முளைக்கும்வரை கெட்டியான உணவைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மென்மையான துண்டை ஈறே நசுக்கிவிடும். நாக்கு அதை ஈறுக்குக் கொண்டுபோகக் கற்க வேண்டும். அந்தப் பாடத்தை நடத்த வாயில் துண்டு இருக்க வேண்டும். கூழில் துண்டு இல்லை.

1964இல் இங்கிலாந்தின் குழந்தை மருத்துவர் ரொனால்ட் இல்லிங்வொர்த்தும் ஜே. லிஸ்டரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். மெல்லக் கற்பதற்கென்று ஒரு முக்கியப் பருவம் உண்டு, குழந்தை மெல்லத் தயாரான காலத்தில் மெல்லும் உணவு கிடைக்காவிட்டால் பின்னால் அதை ஏற்க வைப்பது கடினம் என்பது அவர்கள் கருத்து. பிரிஸ்டல் நகரைச் சுற்றி 1991, 1992ஆம் ஆண்டுகளில் பிறந்த பல்லாயிரம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது. கட்டிகள் உள்ள உணவைப் பத்து மாதத்துக்குப் பிறகே முதன்முதலாகச் சுவைத்த குழந்தைகளிடம் உணவுச் சிக்கல்கள் கூடுதலாகத் தெரிந்தன. ஏழு வயதிலும் அவர்கள் காய்கறி, பழங்களைக் குறைவாகவே உண்டார்கள். இத்தகைய ஆய்வு தொடர்பைத்தான் காட்டும். காரணத்தை முற்றாக நிறுவிவிடாது. முன்பே மெல்லத் திணறிய பிள்ளைகளுக்கே தாய்மார் கூழைத் தொடர்ந்திருக்கவும் கூடும். ஆயினும் ஆறு மாதத்துக்கும் பத்து மாதத்துக்கும் இடைப்பட்ட காலத்தைக் கூழிலேயே கழித்துவிடக் கூடாது என்ற பாடம் உறுதியானது.

ஆயாக் கொட்டகையும் அடுக்குமாடியும்

பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ 1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். அடுத்த சில பத்தாண்டுகளில் மாநிலமெங்கும் தோட்டங்கள் எழுந்தன. பால் வெட்டத் தமிழர்கள் கொண்டுவரப்பட்டார்கள். சுங்கை சிப்புட் வட்டாரத்தின் எல்பில், ஹேவுட், டவன்பி போன்ற தோட்டப் பெயர்கள் இன்றும் தமிழ்ப் பள்ளிகளின் பெயர்களில் நிற்கின்றன.

வெயில் ஏறினால் பால் வரத்துக் குறையும். அதனால் விடியுமுன்னே பெரட்டுக்கு (ஆள்கணக்கெடுப்புக்கு) போக வேண்டும். பச்சைக் குழந்தைக்காரியும் இருட்டோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் காட்டுக்குப் போனாள். அங்கே தூளிகள் வரிசையாகத் தொங்கும். ஓர் ஆயாவிடம் பல பிள்ளைகள் இருக்கும். தாய் திரும்பும்வரை புட்டிப் பால்தான். அன்றைய மலாயாவில் ஏழைகளின் கைக்கு எட்டியது சீனி கலந்த டின் பால். அதில் பாதிக்கு அருகில் சர்க்கரை. குழந்தை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1936இல் மலாயாவுக்கு வந்து, டின் பாலை நம்பிய குழந்தைகள் சாவதைக் கண்ணால் கண்டார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசியபோது, இந்தப் பாலைக் குழந்தை உணவென்று பரப்புவது கொலைக்குச் சமம் என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார்.

தோட்ட வாழ்க்கையைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. சத்துக் குறைவும் குடற்புழுவும் அங்கே பிள்ளைகளை வாட்டின. ஆனால் வாயின் கல்விக்குத் தேவையான சில அங்கே இயல்பாகவே இருந்தன. லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் அண்ணன், அக்கா, பக்கத்து வீட்டுப் பிள்ளை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து தின்றார்கள். சின்னது பெரியதைப் பார்த்துக் கற்றது. பாட்டி தன் விரலால் சோற்றை மசித்து, பிள்ளை வளர வளரப் பருக்கையைப் பெரிதாக விட்டாள்.

1950கள் தொடங்கித் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. குடும்பங்கள் சுங்கை சிப்புட் பட்டணத்துக்கும், ஈப்போவின் புந்தோங்குக்கும், மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன. தாயும் தந்தையும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள். பிள்ளை, பார்த்துக்கொள்பவர் வீட்டில் வளர்கிறது. மிக்சியில் அரைத்த கூழ் வேலையைச் சுலபமாக்குகிறது. எதிரே கைப்பேசியில் படம் ஓடினால் வாய் தானாகத் திறக்கிறது; தட்டும் காலியாகிவிடுகிறது. ஆனால் தன் வாயில் என்ன இருக்கிறது என்று கவனியாத பிள்ளை அதைக் கையாளக் கற்பதில்லை. இரண்டு வயதிலும் கூழ், மூன்று வயதிலும் புட்டி என்று நீண்ட பிறகே வீட்டாருக்குக் கவலை வருகிறது. பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. முன்பு பத்துக் கைகள் பகிர்ந்துகொண்ட வேலை இன்று இரண்டு களைத்த கைகளில் விழுந்திருக்கிறது.

இருக்கையிலிருந்து வாய்க்கு

உணவுச் சிக்கலோடு வரும் பிள்ளையின் வாயைச் சிகிச்சையாளர் முதலில் திறந்து பார்ப்பதில்லை. அது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கிறார். ஏணி ஆடினால் உயரத்தில் பால் வெட்டுபவரின் கத்தி கோட்டில் நிற்காது. அதுபோல இடுப்பும் முதுகும் ஆடினால் கழுத்து நிலைகொள்ளாது. கழுத்து நிலைகொள்ளாவிட்டால் தாடை நிலைகொள்ளாது. நிலையற்ற தாடைமேல் நாக்கும் உதடும் நுட்பமாக அசைய வழியில்லை.

ஆகவே சிகிச்சை இருக்கையில் தொடங்குகிறது. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணத்தில் மடிந்திருக்க வேண்டும். பாதம் தொங்கக் கூடாது; அடியில் பலகையோ, உறுதியாகக் கட்டிய பழைய புத்தகக் கட்டோ வைக்கலாம். சாயும் பிள்ளைக்கு இரு விலாப்பக்கமும் சுருட்டிய துண்டு வைக்கலாம். தலை நேராக, முகவாய் சற்றே கீழ்நோக்கி இருக்க வேண்டும். காலை நீட்டி அதன்மேல் குழந்தையை மல்லாக்கப் போட்டு ஊட்டுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். உடல் இறுக்கமோ தளர்ச்சியோ உள்ள பிள்ளைக்கு இது ஆபத்து. தலை பின்னால் சாயும்போது மூச்சுக்குழாய் திறந்துகொள்கிறது. உணவும் நீரும் நுரையீரலுக்குள் இறங்கலாம். விலையுயர்ந்த நாற்காலி தேவையில்லை. சுவர் மூலைபோல் இரண்டு பலகைகளை இணைத்துச் செய்யும் மூலை நாற்காலியை எந்தத் தச்சரும் செய்து தருவார்.

ஒருவேளைச் சாப்பாடு முழுவதையும் சிகிச்சையாளர் உடனிருந்து பார்க்கிறார். கரண்டி வரும்போது வாய் எவ்வளவு திறக்கிறது, மேலுதடு இறங்கி உணவை வழித்தெடுக்கிறதா, நாக்கு முன்னும் பின்னும் மட்டும் போகிறதா, பக்கவாட்டிலும் போகிறதா, எத்தனை முறை விழுங்கினால் வாய் காலியாகிறது, இருமுகிறதா, விழுங்கிய பின் குரல் ஈரமாக ஒலிக்கிறதா என்று கவனிக்கிறார். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளின் உண்ணும் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் அளவுகோல் ஒன்று 2014இல் வெளிவந்தது. எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு உதவி தேவை, எங்கே ஆபத்து என்பதை மருத்துவரும் சிகிச்சையாளரும் குடும்பமும் ஒரே மொழியில் பேச அது உதவுகிறது. சில பிள்ளைகளுக்கு உணவு நுரையீரலுக்குள் போனாலும் இருமல் வராது. அடிக்கடி நெஞ்சுச் சளியும் நிமோனியாவும் வருகிறதென்றால் ஊட்டும் முறையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. விழுங்குவதை எக்ஸ்ரே படமாக ஓடவிட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

தட்டே பள்ளிக்கூடம்

அடுத்தது கருவி. ஆழமான கரண்டியிலிருந்து உணவை எடுக்க மேலுதடு வலுவாக இறங்க வேண்டும். வலுவற்ற உதட்டுக்குத் தட்டையான கரண்டி தேவை. கரண்டியை நாக்கின் நடுவில் வைத்து மெல்லக் கீழே அழுத்தி, மேலுதடு தானாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரத்தில் கரண்டியை மேல் ஈற்றில் வழித்து எடுத்தால் உணவு உள்ளே போய்விடும். உதடு எதையும் கற்காது. தாடை ஆடும் பிள்ளைக்கு ஊட்டுபவர் தம் விரலை முகவாய்க்கு அடியில் வைத்துத் தாங்கிக் கொடுக்கலாம். தாடை வலுப்பட வலுப்பட அந்தத் தாங்கலைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

மெல்லப் பழக்குவதற்கு உணவை வாயின் நடுவில் வைப்பதில்லை, கடைவாயில் வைக்கிறார்கள். நடுவில் வைத்தால் பழைய உறிஞ்சும் அசைவே எழும். பக்கத்தில் வைத்தால் நாக்கு அதைத் தேடிப் போகும், தாடை நசுக்கும். விரல் நீளத்தில் நறுக்கிய மென்மையான துண்டுகள் இதற்கு ஏற்றவை. அவித்த சர்க்கரைவள்ளி, பூசணி, குழைய வேகவைத்த கேரட், இட்லி, நெய் தடவிய தோசை, பழுத்த பப்பாளி எல்லாம் நம் சமையலறையிலேயே இருக்கின்றன. இரு விரலுக்கிடையே வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும்; அதுதான் சோதனை. ஒருமுறை வலப்பக்கம் வைத்தால் மறுமுறை இடப்பக்கம் வைக்க வேண்டும்.

படிப்படியாகப் பதத்தை ஏற்றுவதில் நம் கைக்கு ஈடான கருவி இல்லை. மிக்சி எல்லாவற்றையும் ஒரே கூழாக்கிவிடும். விரல் அப்படியல்ல: இன்று முழுக்க மசிக்கலாம், அடுத்த வாரம் பாதி மசிக்கலாம், அதற்கடுத்த வாரம் பருக்கை பருக்கையாக விடலாம். பாட்டிமார் செய்ததைத்தான் சிகிச்சையாளரும் செய்யச் சொல்கிறார். எந்த வாரத்தில் எந்தப் படி என்பதை அவர் பிள்ளையின் நாக்கைப் பார்த்து முடிவு செய்கிறார்.

ஓர் எச்சரிக்கை இங்கே அவசியம். புந்தோங், கச்சாங் பூத்தே என்ற கடலை, பட்டாணித் தின்பண்டங்களுக்கும் முறுக்குக்கும் பேர்போன இடம். அந்தக் கடலையும் பட்டாணியும் கைக்குழந்தைக்கும் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் ஆகாது. முழுக் கடலை, முழுத் திராட்சை, கெட்டி மிட்டாய், கிண்ணத்தில் வரும் ஜெல்லி ஆகியவை மூச்சுக்குழாயை அடைத்து உயிரைப் பறிக்கக் கூடியவை. மெல்லப் பழக்கும் நேரத்தில் பெரியவர் ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும்.

குடிப்பதற்கும் படிகள் உண்டு. தண்ணீர் வாய்க்குள் வேகமாக ஓடும் என்பதால் வலுவற்ற வாய்க்கு அதுவே மிகக் கடினமான பாடம். சற்றுக் கெட்டியான பானம் நிதானமாக நகரும். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு கெட்டி என்பதைச் சிகிச்சையாளர்தான் சொல்ல வேண்டும். விளிம்பில் மூக்குக்கு இடம்விட்டு வெட்டிய குவளை, தலையைப் பின்னால் சாய்க்காமல் குடிக்க உதவுகிறது.

இதற்கெல்லாம் கையும் சேர வேண்டும். 1937இல் மான்ட்ரியலின் மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டும் எட்வின் போல்ட்ரேயும் மனித மூளையின் மேற்புறணியை மின்தூண்டலால் ஆராய்ந்து வரைபடம் வெளியிட்டார்கள். உடலின் அளவோடு ஒப்பிட்டால் கைக்கும் வாய்க்கும் அங்கே மிகப் பெரிய இடம் கிடைத்திருந்தது. இரண்டும் அருகருகே இருந்தன. தன் கையால் எடுத்து உண்ணும் பிள்ளை, உணவு வாய்க்கு வருமுன்பே அதன் சூட்டையும் மென்மையையும் அறிந்துகொள்கிறது, வேகத்தையும் தானே தீர்மானிக்கிறது. சட்டை அழுக்காகட்டும், தரை சோறாகட்டும். அது படிப்புக்கான செலவு.

மறுக்கும் வாய்

எல்லாச் சிக்கலும் தசையில் இல்லை. குறைமாதக் குழந்தையை எண்ணிப் பாருங்கள். மூக்கில் குழாய், தொண்டையில் சளி உறிஞ்சும் குழாய், முகமெங்கும் ஒட்டுத்துணி. பல வாரங்களாக வாய்ப்பக்கம் வந்ததெல்லாம் வலிதான். அந்தக் குழந்தை கரண்டியைக் கண்டு முகம் திருப்பினால் அதில் வியப்பில்லை. சாண்ட்ரா ஃபுச்சிலே, எரிக்கா ஜிசெல் ஆகிய தொழிற்பாட்டுச் சிகிச்சையாளர்கள் சான்டல் லாவுடன் சேர்ந்து 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 32 குறைமாதக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு நாளும் 15 நிமிடம் கன்னத்தையும் உதட்டையும் ஈற்றையும் நாக்கையும் மெல்ல நீவி, கடைசியில் பால் வராத ரப்பர் காம்பைச் சப்பக் கொடுத்தார்கள். பத்து நாட்கள் இப்படிச் செய்தார்கள். அந்தக் குழந்தைகள் சராசரியாக 11 நாட்களில் குழாயை விட்டு முழுவதும் வாயால் குடிக்கத் தொடங்கின. மற்றவை 18 நாட்கள் எடுத்துக்கொண்டன. சிறிய ஆய்வுதான். ஆனால் குழந்தைக்கு முன்கூட்டியே இதமான தொடுகையைக் கொடுப்பது வீண்போகாது என்பதைப் பின்வந்த ஆய்வுகளும் காட்டின.

வளர்ந்த பிள்ளைகளில் சிலருக்கு, குறிப்பாக ஆட்டிசம் உள்ளவர்களுக்கு, உணவின் பதமும் வாசனையும் நிறமும் தாங்க முடியாத அளவுக்குத் தைக்கின்றன. புலன்களிலிருந்து வரும் செய்திகளை மூளை எப்படி ஒழுங்குபடுத்துகிறது என்ற கேள்வியைத் தொழிற்பாட்டுச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்கரான ஜீன் அய்ரஸ். 1972இல் வெளியான அவருடைய நூல் அந்த வழியைத் திறந்தது. இத்தகைய பிள்ளை வெள்ளைச் சோறும் பிஸ்கட்டும் மட்டும் தின்பது பிடிவாதத்தால் அல்ல. அவற்றின் சுவையும் பதமும் என்றும் மாறுவதில்லை. அந்த உறுதி அதற்கு வேண்டியிருக்கிறது.

இங்கே சிகிச்சை வாயிலிருந்து வெகுதூரத்தில் தொடங்குகிறது. முதலில் அந்த உணவு மேசையில் இருந்தாலே போதும். பிறகு அதைக் கரண்டியால் கிளறலாம்; விரலால் தொடலாம்; சப்பாத்தி மாவைப் பிசைந்து விளையாடலாம்; முகரலாம்; உதட்டில் ஒற்றலாம்; நாக்கால் தொட்டுப் பார்த்துத் துப்பிவிடவும் செய்யலாம். விழுங்குவது இந்த வரிசையின் கடைசிப் படி. மூக்கைப் பிடித்து வாயில் திணிப்பதும், அடம்பிடிக்கும் வாயைக் கையால் பிளப்பதும் அந்த வேளைச் சோற்றை உள்ளே அனுப்பிவிடலாம். மறுவேளைக்கு அந்த வாய் இன்னும் இறுக்கமாக மூடிக்கொள்ளும். எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்று பெரியவர் முடிவு செய்யட்டும். எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும்.

ஊதினால் பேச்சு வருமா?

பேச்சு தாமதமான பிள்ளைக்கு விசில் ஊதவும், குமிழி விடவும், மெழுகுவர்த்தி அணைக்கவும், நாக்கை நீட்டி மடக்கவும் பயிற்சி கொடுப்பது உலகெங்கும் பரவியிருக்கிறது. தசை வலுப்பட்டால் பேச்சு தெளியும் என்ற எண்ணம் கேட்பதற்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது. 1996இல் கிறிஸ்டோபர் மூரும் ஜாக்கி ருவார்க்கும் சிறு குழந்தைகளின் தாடைத் தசைகளை மின்முனைகளால் அளந்தபோது, மெல்லும்போது அவை இயங்கும் ஒழுங்கும் பேசும்போது இயங்கும் ஒழுங்கும் வேறுவேறாக இருந்தன. 2015இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, ஒலிகளைப் பிழையாக உச்சரிக்கும் பிள்ளைகளுக்குப் பேச்சில்லாத வாய்ப் பயிற்சிகள் பயன் தருகின்றன என்பதற்கு வலுவான சான்று இல்லை என்று முடித்தது. குமிழி விடுவது நல்ல விளையாட்டு. பேசப் பழக்குவதற்குப் பேச்சுதான் வேண்டும். அது பேச்சுச் சிகிச்சையாளரின் களம். உண்ணப் பழக்குவதற்கு உணவு வேண்டும்.

நம் வீட்டு வழக்கங்களையும் இதே நேர்மையோடு பார்க்க வேண்டும். பேச்சு சீக்கிரம் வரட்டும் என்று வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவுகிறோம். வசம்பில் பீட்டா அசரோன் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. அமெரிக்கா 1968இலேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. நாக்கில் தடவும் தேனில் உள்ள கிருமி வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தசைகளை முடக்கும் நோயைத் தரலாம். பாட்டியின் விரல் மசித்த சோற்றை வைத்துக்கொள்வோம். வசம்பையும் தேனையும் விட்டுவிடுவோம். எச்சில் ஒழுகும் பிள்ளையைக் கண்டு எச்சில் அதிகம் சுரக்கிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் சுரப்பது சரியாகவே இருக்கிறது. போதுமான தடவை விழுங்குவதில்தான் குறை. இரண்டு வயதுவரை ஒழுகுவது சாதாரணம். நான்கு வயதைத் தாண்டியும் நின்றபாடில்லை என்றால் காட்ட வேண்டும்.

எங்கே போவது, எப்போது போவது

முதல் கதவு அருகிலுள்ள அரசுத் தாய்சேய் கிளினிக். ஊசி போடப் போகும் நாளில் எடையை மட்டும் காட்டிவிட்டுத் திரும்பாமல், பிள்ளை எப்படிச் சாப்பிடுகிறது என்பதையும் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) சொல்லுங்கள். அங்கிருந்து குழந்தை மருத்துவருக்கும், அவர் வழியாகத் தொழிற்பாட்டுச் சிகிச்சைக்கும் அனுப்புவார்கள். ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை மாநிலத்தின் பெரிய அரசு மருத்துவமனை; தைப்பிங்கிலும் தெலுக் இந்தானிலும் மருத்துவ நிபுணர்கள் உள்ள அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. தொழிற்பாட்டுச் சிகிச்சையைக் குறிக்கும் பெமுலிஹான் சாராகெர்ஜா என்ற பலகையைத் தேடுங்கள். தனியாரிடம் போவதாக இருந்தால் அவர் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். துணைச் சுகாதாரத் தொழில்களுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது. பதிவை அது கட்டாயமாக்கியிருக்கிறது.

நீண்டகாலத் துணைக்குச் சமூக நல இலாகாவின் பி.டி.கே. (சமூக மறுவாழ்வு) நிலையங்கள் உண்டு. 1984இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய இந்தத் திட்டம் இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது. பிள்ளையை அதன் ஊரிலேயே, அதன் அண்டை அயலார் நடுவிலேயே பழக்குவது இதன் அடிப்படை. ஓ.கே.யு. (மாற்றுத்திறனாளி) அட்டைக்குப் பதிவு செய்துகொண்டால் உதவித்தொகைக்கும் சிறப்புக் கல்விக்கும் வழி பிறக்கிறது. அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள் என்று தயங்கும் குடும்பங்கள் பல. அந்தத் தயக்கத்தால் இழப்பது பிள்ளையின் நாட்களை.

ஆஸ்பத்திரியில் சிகிச்சையாளர் பிள்ளையோடு இருப்பது மாதத்தில் ஒரு மணி நேரமாக இருக்கலாம். அதே மாதத்தில் வீட்டில் தொண்ணூறு வேளைச் சாப்பாடு நடக்கிறது. அவர் தருவது வழிகாட்டல். சிகிச்சை நடப்பது உங்கள் வீட்டுத் தட்டில். ஆகவே தாயை மட்டும் அனுப்பாதீர்கள். தந்தையும், பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரும் கூடப் போய், எப்படி உட்கார வைப்பது, கரண்டியை எங்கே வைப்பது என்று கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.

காலம் தாழ்த்தக் கூடாத அறிகுறிகள் இவை: பால் குடிக்கும்போது மூச்சுத் திணறல் அல்லது உடல் நீலம் பாரித்தல், ஒவ்வொரு வேளையும் அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தல், சாப்பிடும்போது அடிக்கடி இருமல், கண்ணில் நீர், ஈரக் குரல், திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளி, எடை ஏறாமை, பத்து மாதத்திலும் கட்டி உணவைக் கண்டு குமட்டல், இரண்டு வயதிலும் கூழ் மட்டுமே இறங்குதல். இவற்றில் ஒன்று தெரிந்தாலும், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும், அடுத்த கிளினிக் நாளிலேயே கேளுங்கள். மூச்சுத் திணறலும் நீலம் பாரித்தலும் என்றால் அந்த நாளுக்கும் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மெல்லக் கற்கும் பருவம் குறுகியது. அது தவறினாலும் கற்பிக்க முடியும். ஆனால் ஆறு மாதத்தில் ஒரு துண்டு பூசணி செய்யும் வேலையைப் பிறகு செய்து முடிக்க ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும்.